மூடிய டிக்கெட்டுக்கு வந்த மூன்று மின்னஞ்சல்கள்

சென்ற மாதம் பிரவின் தொலைபேசியில் அழைத்தான். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த மின்தூக்கிப் பராமரிப்பு நிறுவனத்தில் இப்போது அவன்தான் சேவைப் பிரிவின் மேலாளர். நான் ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு முன்பு வேலைக்கு வந்தவன். முதல் நாளே என்னை "அங்கிள்" என்று கூப்பிட்டு, என் பதவியையும் வழுக்கையையும் ஒரே சொல்லில் முடித்துவைத்தவன்.

அலுவலகத்தில் பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியது போடுகிறார்களாம். அதை ஒட்டி அவனுக்கு என்னிடம் இரண்டு காரியம் ஆக வேண்டியிருந்தது. ஒன்று, ஊழியர் இதழுக்கு ஒரு கட்டுரை. வாடிக்கையாளர்களின் புகார்கள் வந்து விழும் பொது மின்னஞ்சல் பெட்டியை அந்தக் காலத்தில் எப்படி அமைத்தேன் என்று புதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமாம். அந்தக் காலம் என்று அவன் சொன்னது பத்து வருடத்துக்கு முன்பு. இரண்டாவதைப் போகிற போக்கில் கேட்டான்.

"அங்கிள், பழைய சிஸ்டத்துல மாற்றப் பதிவேடுன்னு ஒண்ணு இருக்கு. யாரு எந்த செட்டிங்க எப்ப மாத்துனாங்கன்னு. பக்கம் பக்கமா உங்க பேருதான். அத புதுசுக்குக் கொண்டு போகணுமா, இல்ல அழிச்சிரவா?"

அழித்துவிடு என்று சொல்ல ஒரு வினாடி போதும். சொல்லவில்லை. திங்கட்கிழமை நேரில் வருகிறேன், அதுவரை தொடாதே என்றேன்.

அந்தப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது. புகார்களைக் கவனிக்கும் எங்கள் சேவை மேசையில் இருக்கும் தனலெட்சுமி ஒரு தவறும் செய்யவில்லை என்பதற்கு இருக்கிற ஒரே ஆதாரம் அது. அடுத்த ஆண்டு அவருக்கு அறுபது வயது. ஓய்வுக்குப் பிறகும் ஒப்பந்தத்தில் வேலை தொடர விண்ணப்பித்திருக்கிறார். கணவர் இல்லை, பிள்ளைகள் தூரத்தில். வேலை நின்றால் வீட்டுச் சுவரோடுதான் பேச வேண்டும் என்பார். கோப்பில் எச்சரிக்கைக் கடிதம் உள்ளவர்களுக்கு ஒப்பந்தம் கிடையாது என்பது நிறுவனத்தின் விதி. அவர் கோப்பில் ஒரு கடிதம் இருக்கிறது. அது அங்கே போனதற்குக் காரணம் நான். பிரவின் கேட்ட கட்டுரை இதுதான். அவன் எதிர்பார்த்தது வேறாக இருக்கலாம்.

நான் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவன். மின்தூக்கி நிறுவனத்தில் புவியியலுக்கு என்ன வேலை என்று நேர்காணலில் யாரும் கேட்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் அலுவலகம். ஊரெல்லாம் மின்தூக்கி பார்த்த எங்களுக்கு ஏறி இறங்கப் படிக்கட்டுதான். புகார்ப் புத்தகம், பிறகு தொலைநகல், பிறகு கணினி என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. மற்றவர்கள் கணினியைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்த நாளில் எனக்கு அது பிடித்திருந்தது. அதனால் கணினி சம்பந்தப்பட்ட எல்லாமே என் தலையில் வந்து விழுந்தது.

மென்பொருள் வருவதற்கு முன்பு எங்கள் பொதுப் பெட்டி எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். ஒரே முகவரி, ஒரே கடவுச்சொல், ஆறு பேர். கடவுச்சொல்லை ஒரு மஞ்சள் தாளில் எழுதித் தனத்தின் விசைப்பலகைக்கு அடியில் ஒட்டியிருந்தோம். ரகசியம் என்பதால் மேலே ஒட்டவில்லை. படிக்காத மின்னஞ்சல் தடித்த எழுத்தில் இருக்கும். யாராவது திறந்தால் மெலிந்துவிடும். மெலிந்ததை மற்ற ஐந்து பேரும் வேறு யாரோ கவனித்துவிட்டார்கள் என்று விட்டுவிடுவோம். திறந்தவர், இது என் பகுதி இல்லையே என்று மூடியிருப்பார். பூச்சோங்கில் ஒரு மின்தூக்கி இரண்டு வாரம் நின்று கிடந்தபோது, அந்தப் புகாரை ஆறு பேருமே படித்திருந்தோம்.

அதற்குப் பிறகுதான் மென்பொருள் வாங்கினார்கள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் எனக்கு மூன்று நாள் பயிற்சி. மூன்று நாளும் மதியச் சாப்பாடு பிரமாதம். மூன்றாம் நாள் பிற்பகலில் நான் சற்றுக் கண்ணயர்ந்தேன். அந்த நேரத்தில் அங்கே நடந்த பாடம், மூடிய டிக்கெட்டுகளுக்கு வரும் பதில்களை என்ன செய்வது என்பது.

முறை எளிதுதான். பொதுப் பெட்டியின் முகவரியையும் கடவுச்சொல்லையும் மென்பொருளிடம் கொடுத்துவிட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அது போய்ப் பெட்டியைப் பார்க்கும். வந்திருக்கும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் ஒரு டிக்கெட்டாக்கி, அதாவது ஒரு புகார்ச் சீட்டாக்கி, எண் போட்டு, ஒரே ஒருவர் பேரில் ஒப்படைக்கும். அனுப்பியவருக்கு உங்கள் புகார் கிடைத்தது என்று பதில் போகும். வேலை முடிந்ததும் டிக்கெட்டை மூடினால் அதற்கும் ஒரு மின்னஞ்சல் போகும். வாடிக்கையாளர் அதற்குப் பதில் எழுதினால், தலைப்பில் உள்ள எண்ணைப் பார்த்து அதே டிக்கெட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

முதல் வாரமே எனக்கு மானம் போயிற்று. ஒரு அடுக்குமாடி அலுவலகம், எந்தக் கடிதம் வந்தாலும் நன்றி என்று தானாகப் பதில் அனுப்பும் ஏற்பாட்டை வைத்திருந்தது. அவர்கள் புகார் அனுப்பினார்கள். எங்கள் இயந்திரம் கிடைத்தது என்றது. அவர்கள் இயந்திரம் தலைப்பில் எண்ணே இல்லாமல் நன்றி என்றது. எங்களுடையது அதையும் புகாராக எடுத்துக்கொண்டு கிடைத்தது என்றது. நான் கீழே சாப்பாட்டுக் கடையில் வாழை இலையில் இரண்டாவது தடவை ரசம் வாங்கிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது இரண்டு இயந்திரங்களும் மூச்சுவிடாமல் ஒன்றையொன்று வாழ்த்திக்கொண்டிருந்தன. பெட்டி நிரம்பி வழிந்தது.

எங்கள் மேலாளர் மிஸ்டர் லிம் வந்து எனக்குப் பின்னால் நின்று பார்த்தார். லிம் பந்திங்கில் பிறந்தவர். அவருடைய அப்பா தோட்டத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடைக்கு வந்தவர்களிடம் கற்ற தமிழ் அவருக்கு என்னைவிடச் சரளமாக வரும். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம் என்பதால் வீட்டில் ஒரு தமிழும் வெளியில் இலக்கணம் தவறாத ஒரு தமிழும் பேசுகிற ஆள் நான். லிம்முக்கு அது தீராத வேடிக்கை. நான் பேசினால் வானொலிச் செய்தி கேட்பதுபோல் இருக்கிறதாம். முடிவில் மழை வருமா என்றும் சொல்லச் சொல்வார். அன்று திரையைப் பார்த்துவிட்டு, "நாதன், ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வச்சிரு லா. இவ்வளோ மரியாதையா பேசிக்கிற ஜோடிய நான் பார்த்ததே இல்ல" என்று சொல்லிவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போய்விட்டார்.

லிம் யாரையும் திட்டியதில்லை. மாத முடிவில் அறிக்கையை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஒரு மர அளவுகோலை வைத்து, மெல்லக் கீழே நகர்த்திக்கொண்டே படிப்பார். பிடிக்காத இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. பிறகு அந்தத் தாளைச் சம்பந்தப்பட்டவரின் மேசையில் வைத்து, அளவுகோலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த இரண்டு தட்டுக்கு எங்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

மென்பொருள் வந்து ஓராண்டுக்கு மேல் ஆனபோது அந்தத் தாள் என் மேசைக்கு வரத் தொடங்கியது. மூடிய டிக்கெட்டுகள் திரும்பத் திறக்கின்றன என்பது அவருடைய புள்ளி. காரணம் நம் ஊர் வழக்கம். நம்மவர்கள் எந்தக் கடிதத்தையும் பதில் போடாமல் விட மாட்டார்கள். உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று எங்கள் மின்னஞ்சல் போனால், "நோட்டட் வித் தேங்க்ஸ்" என்று வரும். "ஓகே பாஸ்" என்று வரும். பெருநாள் வந்தால் பெருநாள் வாழ்த்து. ஒன்றும் இல்லாவிட்டால் ரோஜாப்பூவோடு காலை வணக்கம். ஒவ்வொரு நன்றிக்கும் மென்பொருள் மூடிய டிக்கெட்டைத் திறந்தது. அறிக்கையில் நாங்கள் எதையுமே ஒழுங்காகச் சரிசெய்யாதவர்கள் போலத் தெரிந்தோம். உண்மையில் எங்களுக்கு அவ்வளவு நன்றி வந்துகொண்டிருந்தது.

செட்டிங்கில் மூன்று வழி இருந்தது. மூடிய டிக்கெட்டுக்குப் பதில் வந்தால் அதைத் திரும்பத் திறக்கலாம். புது டிக்கெட் ஒன்று போடலாம். அல்லது சத்தமில்லாமல் பழைய டிக்கெட்டுக்குள்ளேயே சேர்த்து வைக்கலாம், யாருக்கும் அறிவிப்புப் போகாது. நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

எந்த மாற்றத்துக்கும் எங்களிடம் ஒரு படிவம் உண்டு. என்ன மாற்றம், ஏன் மாற்றம், இதனால் எது கெடலாம் என்று மூன்று கட்டங்கள். மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். திங்கள் காலைக் கூட்டத்தில் மேசையில் இருப்பவர்களுக்கு அறிவிக்க வேண்டும். அந்தப் படிவத்தை உருவாக்கியவன் நான்தான். மூன்றாவது கட்டம் என் சொந்த யோசனை. அன்று மாதக் கடைசி. பிறகு நிரப்பலாம் என்று விட்டேன். அடுத்த மாதம் லிம்மின் தாளில் புள்ளி இல்லை. என் மேசை வழியாகப் போனவர் தோளில் தட்டினார். படிவம் நினைவுக்கே வரவில்லை.

நான் யோசிக்காதது இதுதான். நம்மவர்கள் யாரும் முகவரியைத் தேடி எடுத்துப் புதிதாகக் கடிதம் எழுதுவதில்லை. கடைசியாக வந்த மின்னஞ்சலைத் தேடிப் பிடித்து, அதற்குப் பதில் போடுவார்கள். பழைய கடிதம் எதைப் பற்றியதாக இருந்தால் என்ன? நானும் என் தங்கைக்கு அப்படித்தான் எழுதுகிறேன். அவள் மகன் திருமணச் செய்தியே ஒரு சமையல் குறிப்புக்குப் பதிலாகத்தான் எனக்கு வந்தது.

கிள்ளானில் ஒரு முதியோர் இல்லம் எங்கள் வாடிக்கையாளர். அதன் பொறுப்பாளர் மாரிமுத்து, மிகவும் பணிவான மனிதர். அவர் எழுதுவதற்கு மூன்று மாதம் முன்பு அங்கே மின்தூக்கிக்குள் ஒரு விளக்கு மாற்றியிருந்தோம். டிக்கெட் தனத்தின் பேரில், மூடியாயிற்று. அந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக மாரிமுத்து மலாயில் எழுதினார். தொந்தரவுக்கு மன்னிக்கவும், இரண்டாம் மாடியில் மின்தூக்கி தரைக்கு இரண்டு விரல் கீழே நிற்கிறது, முடிந்தபோது பார்க்கவும். நான்கு நாள் கழித்து இன்னொன்று: மறுபடியும் மன்னிக்கவும், இப்போது மூன்று விரல். அதற்கும் பிறகு மூன்றாவது: உங்களுக்கு வேலை அதிகம் என்று தெரியும். அவர் தொலைபேசியில் அழைத்திருக்கலாமே என்று தோன்றும். எல்லாப் புகாரும் மின்னஞ்சலில் மட்டுமே ஏற்கப்படும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தோம். அதை எழுதியவனும் நான்தான்.

முதல் மின்னஞ்சல் வந்த ஒன்பதாம் நாள், அந்த இல்லத்தின் சமையல்கார அம்மா சாப்பாட்டு வண்டியை மின்தூக்கியிலிருந்து இரண்டாம் மாடியில் வெளியே தள்ளினார். முன் சக்கரம் அந்த மூன்று விரல் மேட்டில் இடித்தது. கொதிக்கிற கஞ்சிப் பானை அவர் காலில் சாய்ந்தது. இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்தார். பிறகு வேலைக்குத் திரும்பவில்லை.

மறுநாள் காலை லிம் தன் அறைக்குத் தனத்தையும் என்னையும் கூப்பிட்டார். மூன்று மின்னஞ்சல்களையும் அச்செடுத்து வைத்திருந்தார். அளவுகோல் அன்று மேசைமேல் அசையாமல் கிடந்தது.

"தனம், மூணும் உன் பேர்ல இருக்கு."

"என் கண்ணுல படவே இல்ல, மிஸ்டர் லிம். பட்டிருந்தா விடுவேனா?"

லிம் என் பக்கம் திரும்பினார். "நாதன், சிஸ்டம் சரியா இருக்கா?"

அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆனால் சந்தேகம் வந்துவிட்டது. "சிஸ்டம் சரியாத்தான் இருக்கு" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சிஸ்டம் நான் சொன்னதைத்தான் செய்தது.

என் இடத்துக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். செட்டிங்கை உடனே இரண்டாவது வழிக்கு மாற்றினேன். இனி பதில் வந்தால் புது டிக்கெட் பிறக்கும். பதிவேட்டில் இரண்டு மாற்றமும் என் பெயரோடும் தேதியோடும் ஏறின. அதைத் திறந்து பார்க்கும் அனுமதி என் ஒருவனுக்கு மட்டுமே இருந்தது. அன்று மாலைக்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் நினைத்தேன். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் வாசிக்கப்பட்டது. அதற்குப் பிறகு நினைப்பதையும் நிறுத்திவிட்டேன். அந்த ஆண்டு அவருக்கு வர வேண்டிய மேசை மேற்பார்வையாளர் பதவி வேறொருவருக்குப் போனது. லிம் ஓய்வு பெற்றார், இரண்டு வருடத்தில் இறந்தும் போனார். அவர் கேட்ட கேள்விக்கு நான் சரியான பதில் சொல்லவே இல்லை. என் பிரியாவிடை விழாவில் கேக்குக்குச் சொல்லி வைத்தது தனம்தான். எனக்குச் சர்க்கரை என்று நினைவு வைத்திருந்து, இனிப்புக் குறைவாக.

சொன்னபடி திங்கட்கிழமை சீக்கிரமே போனேன். அதே படிக்கட்டு, இப்போது நடுவில் ஒரு தடவை நிற்க வேண்டியிருக்கிறது. தனம் தேநீர் போடும் இடத்தில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துப் பசியாறிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு முன்பு அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் திட்டம். மூன்றாவது வழி, படிவம், பதிவேடு என்று வரிசையாகச் சொன்னேன். அவர் நெத்திலியை ஒதுக்கி வைத்துக்கொண்டே கேட்டார்.

"தெரியும் சார்" என்றார்.

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தொடர்ந்தார்.

"லிம் ரூம்ல பேசுன மறுநாளே ஒரு மூடுன டிக்கெட்டுக்கு என் சொந்த மெயில்லருந்து தேங்க்ஸ்னு அனுப்பிப் பார்த்தேன். புது டிக்கெட் வந்துச்சு. முந்தின மாசமெல்லாம் அப்படி ஒண்ணுகூட வந்ததில்ல. சரி, யாரோ கை வச்சிட்டாங்கன்னு தெரிஞ்சது. கை வைக்கிறதுக்கு இங்க ஒரே ஆளுதானே."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"யாருகிட்ட? நான் போய்ச் சொன்னா லிம் உங்களத்தான் கேப்பாரு. நீங்க சிஸ்டம் சரியாத்தான் இருக்குன்னு சொல்வீங்க. அப்ப அது சரியாவும் இருந்திருக்கும். மாத்திட்டீங்களே." பொட்டலத்தை மடித்துக் குப்பையில் போட்டார். "ஒரு வாரம் பார்த்தேன், வந்து சொல்வீங்கன்னு. அப்புறம் எனக்கு வேற வேல இருந்துச்சு."

கூட்டத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. பிரவின் என்னைப் பெருமையாக அறிமுகப்படுத்தினான். நான் எழுந்து, பொதுப் பெட்டி பற்றிச் சொல்ல வந்ததைத் தள்ளி வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். முடித்ததும் ஒரு பிள்ளை கை தட்டியது. மற்றவர்களும் தட்டினார்கள். நேர்மையான மனிதர் என்று யாரோ ஆங்கிலத்தில் சொன்னது காதில் விழுந்தது. எட்டு வருடம் ஒளித்து வைத்ததற்கு எனக்குக் கைதட்டல். கடைசி வரிசையில் தனம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் பிரவினைப் பார்த்துக் கேட்டார். "சரி, அந்த லெட்டர எப்ப எடுப்பீங்க?"

பிரவின் தலையைச் சொறிந்தான். மனிதவளப் பிரிவும் இப்போது அந்த மென்பொருளுக்குள்தானாம்; அக்கா ஒரு டிக்கெட் போட்டால் பதிவேட்டை அதோடு இணைத்து அனுப்பிவிடுகிறேன் என்றான்.

"நான் போட மாட்டேன்" என்றார் தனம். "அவரு போடட்டும்."

அவர் மேசையில் உட்கார்ந்தேன். அவர் பின்னால் நின்றார். விவரம் எழுதும் கட்டத்தில் நான் எழுதத் தொடங்கினேன். மாத முடிவின் நெருக்கடி, பயிற்சி போதாமல் இருந்தது, திரும்பத் திறந்த டிக்கெட்டுகளைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து வந்த அழுத்தம், இத்தனை ஆண்டுகளாக என் மனம் பட்ட பாடு. நல்ல தமிழில் ஒரு பக்கத்துக்கு வந்தது. தனம் குனிந்து படித்தார்.

"இது உங்க கத சார். லெட்டர் என்னோடது. எடுங்க."

ஒவ்வொன்றாக எடுத்தேன். மிஞ்சியது இவ்வளவுதான்: அந்த மூன்று மின்னஞ்சல்களும் தனலெட்சுமியின் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம், நான் யாருக்கும் சொல்லாமல் மாற்றிய செட்டிங், கேட்டபோது மறைத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

வியாழக்கிழமை கடிதத்தை எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தமும் உறுதியாம். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் தன் பதவியை மேசை மேற்பார்வையாளர் என்று போட வேண்டும் என்று தனம் கேட்டிருக்கிறார். பிரவின் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். பிரவின், கட்டுரை கேட்டாய், தந்துவிட்டேன். இதை முதலில் படிக்கப்போகிறவனும் நீதான். இதழ் அச்சுக்குப் போவதற்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் யோசித்து முடித்துவிட்டால், இந்தக் கடைசிப் பத்தியை நீ தாராளமாக நீக்கிக்கொள்ளலாம்.